சட்டத்துக்குள் ஒரு வரிசை

ரோகிணி குறடால் பழைய படத்தின் பின்பக்க ஆணிகளை அவசரமாகப் பிடுங்குகிறாள். இந்தக் கண்டனூர் வீட்டில் முதலாளிகள் குடிபுகுந்த அன்று எடுத்த படம். முற்றத்து வெயிலில் கண்ணாடி மின்னுகிறது. வாசலில் வேன் உறுமுகிறது. படத்தை வாங்கிவிட்ட வியாபாரி கோட்டைச்சாமி, “வெரசா பாருங்க தாயி! மொதலாளிமாரு நிக்கிற படத்துல ஒங்க பூட்டன் எங்குட்டு இருக்கப் போறாரு?” என்கிறார். இந்த வீட்டுக் கதவுகளைச் செதுக்கிய பூட்டன் வைரவ ஆசாரிக்கு வேறு படமே கிடையாது. கீழ் விளிம்பில் தெரியும் ஒரு தலைப்பாகை நுனியை நம்பித்தான் பிரிக்கிறாள். பலகை கழல்கிறது. படத்தின் அடிப்பாகம் பின்னால் மடிந்து கிடக்கிறது. நீவி விரிக்கிறாள். தரையில் அமர்ந்த தச்சர்கள், மடியில் உளிகள். நடுவில் இருப்பவருக்கு அப்படியே அவள் அப்பாவின் காது. கோட்டைச்சாமி குனிந்து பார்க்கிறார். “சட்டம் போட்ட பயதான் மடிச்சிருக்கான். எவன் அவன்?” ரோகிணி சட்டத்தைத் திருப்புகிறாள். உள்விளிம்பில், செய்தவர் பெயர் உளியால் கீறப்பட்டிருக்கிறது: வைரவ ஆசாரி.