மூன்றாவது நட்டு

பழைய மாடல் மோட்டார் சைக்கிள் ஒன்றின் சைலன்சரை மூன்று நட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒற்றை சிலிண்டர் வண்டி. கிளம்பினால் தெருவே அதிரும். அந்த அதிர்வில் திங்கட்கிழமை ஒரு நட்டும் வியாழக்கிழமை இன்னொரு நட்டும் கழன்று விழுந்துவிட்டன. மிச்சமிருந்த நட்டு வண்டியிடம் கெஞ்சியது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க. நானும் விழுந்தா சைலன்சர் ரோட்டுல இழுபடும்."

"அட போடா, பொடிப்பயலே! பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் வந்தா ஒரு நாயாவது தலையைத் தூக்குதா? நான் வந்தா ஒன்பது பேர் திரும்பிப் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்ணே. என் மரையில இன்னும் ரெண்டு சுத்துதான் பாக்கி."

"என் சத்தத்துல நீ சொல்றது சரியாக் கேக்கலடா!" என்று வண்டி இன்னும் முறுக்கியது.

பாலத்து ஏற்றத்தில் அந்த இரண்டு சுற்றும் கழன்றன. நட்டு உருண்டுபோய்ச் சாலையோரம் கிடந்தது. சைலன்சர் தரையில் உரசித் தீப்பொறி பறக்க, இரண்டு மடங்கு சத்தத்தோடு வண்டி போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கையை ஆட்டினார்கள்.

வண்டியின் குரல் தூரத்திலிருந்து கேட்டது: "எண்ணிக்கோடா! இன்னிக்குப் பதினாலு பேர்!"