சத்தமில்லாத கார்ட்

"இந்தக் கார்ட்டைக் கம்பியூட்டரில பூட்டின நாளிலயிருந்து பிள்ளை நித்திரை கொள்ளுறாளில்லை, தம்பி. இண்டையோட பன்ரண்டு நாள்."

றொனால்ட் பெட்டியை மேசையில் வைத்தான். இரண்டு கிழமைக்கு முன் அபிராமே தெரிந்தெடுத்துக் கொடுத்த கிராபிக்ஸ் கார்ட்.

பிராங்பேர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அபிராம் கணினிக் கடை போட்டு ஆறு வருடம். வேகம் காணாது என்று வந்திருக்கிறார்கள், படம் நடுங்குது என்று வந்திருக்கிறார்கள். நித்திரைக் கதையோடு வந்தவர் இவர்தான் முதல் ஆள்.

"பிள்ளைக்கு எத்தினை வயது, அண்ணை?"

"மூண்டு. யூலியா. இரவு முழுக்க முழிச்சிருந்துபோட்டுப் பகல் முழுக்க அழுகிறாள். அவளைப் பாக்கிற டாகஸ்முட்டர் இனித் தன்னால ஏலாதாம். திங்கட்கிழமை வரைக்கும் பாப்பன் எண்டு சொல்லியிருக்கிறா. அவ விட்டா நான் வேலையை விடோணும்."

றொனால்டின் கண்கள் சிவந்திருந்தன. சட்டைப் பொத்தானை ஒன்று மாறிப் பூட்டியிருந்தான்.

"இரவில இருந்து கேம் விளையாடுறனீங்களோ?"

"எனக்கு அதைப் போடவும் நிப்பாட்டவும்தான் தெரியும். கம்பியூட்டர் டொறத்தியின்ர. என்ர மனிசி. வீட்டுப் பிளான் கீறுறவ, ஒரு ஆர்க்கிடெக்டுக்கு. இரவிலதான் இருந்து செய்யிறவ."

அபிராமுக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை எங்க படுக்கிறது?"

"அடுத்த அறையில."

"அவ்வளவுதான். லூஃப்டர்ச் சத்தம். கார்ட்டைக் குளிராக்கிற அந்தச் சின்ன விசிறி. அதுதான் பிள்ளையைக் குழப்புது. முதலே சொல்லியிருக்கலாமே."

"சத்தத்தைப் பற்றித்தான் நானும்..."

"விடுங்கோ, அது என்ர பொறுப்பு." அபிராம் ஏற்கெனவே அலுமாரியைத் திறந்துவிட்டான். எடுத்து வைத்த புதுப் பெட்டியில் ஒரு நீல மலைப் படம். "இதில லூஃப்டரே இல்லை. அலுமினியத் தகடு மட்டும்தான். பூட்டினது உங்களுக்கே தெரியாது."

றொனால்ட் பெட்டியைத் தொடவில்லை. பைக்குள்ளிருந்து இன்னொரு கார்ட்டை எடுத்தான். தூசி படிந்து, ஒரு மூலை கருகியிருந்தது.

"இது முந்தி இருந்தது. எரிஞ்சு போச்சு. இதுக்கும் இந்தப் புதுசுக்கும் என்ன வித்தியாசமெண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அபிராமுக்கு இது பிடித்த வேலை. கடதாசி எடுத்து நடுவில் கோடு கீறினான்.

"நினைவகம், பழசு நூற்றி இருபத்தெட்டு, புதுசு இருநூற்றி ஐம்பத்தாறு. ஒரு செக்கனுக்கு எத்தினை படம் காட்டும்? பழசு முப்பது, புதுசு எழுபது. சூடு, பழசில முட்டை பொரிக்கலாம். கரண்ட் பாதிதான் இழுக்கும். சத்தம், பழசு ஐம்பத்திரண்டு டெசிபல், புதுசு பூச்சியம்."

றொனால்ட் கடதாசியைத் தன் பக்கம் திருப்பினான். மேலிருந்து கீழே வாசித்தான். திரும்பவும் வாசித்தான். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தான்.

"இதில பழசுதான் கூட."

"அது கூடக்கூடாத வரி, அண்ணை."

"நான் திருப்பிக் கொண்டு வந்தது எத்தினை?"

"இருபத்தாறு. மூண்டு வயசுப் பிள்ளைக்கு அதுவும் கூடத்தான் போல."

றொனால்ட் தலையாட்டினான். ஆமென்றா இல்லையென்றா என்று அபிராமுக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு நல்ல சாமானைக் காட்டினாலும் இந்த மனிதனின் முகம் இன்னும் கொஞ்சம் விழுகிறது. எங்கே பிழை விடுகிறோம்?

"பழையது மாதிரி ஒண்டு இருக்குதோ?" றொனால்ட் கேட்டான்.

"பாவிச்சது ஒண்டு கிடக்கு. ஆனா அதை ஆரும் கேக்கிறதில்லை."

"ஒருக்காப் போட்டுக் காட்டேலுமோ?"

சரி, காதாலேயே கேட்டுப் பார்க்கட்டும் என்று அபிராம் பெட்டிகளைக் கிளறி அதை எடுத்தான். மேசைக் கணினியில் பூட்டி ஆளியைத் தட்டினான். விசிறி இரண்டு தரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. யன்னலோரம் விசைப்பலகை பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனாள்.

"கேட்டீங்களோ?" அபிராம் குரலை உயர்த்தினான். "ஹேர் ட்ரையர் மாதிரி. கதவைப் பூட்டினாலும் கேக்கும்."

றொனால்ட் மேசை விளிம்பைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றான். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"நிப்பாட்டட்டோ, அண்ணை?"

"வேண்டாம். இதையே தாங்கோ."

"அண்ணை, நான் சொன்னது விளங்கேல்லையோ? இந்தச் சத்தத்துக்குள்ள பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளும்?"

"இது கேட்டாத்தான் கொள்ளுவாள்." றொனால்ட் கண்ணைத் திறந்தான். "டொறத்தியை மாசியில அடக்கம் செய்தனாங்கள். இரவில நான் கம்பியூட்டரைப் போட்டுவிட, அடுத்த அறையில அம்மா வேலை செய்யிறா எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் படுத்தவள்."