இடது கால்

கார் ஓட்டுவதை முன் சீட்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று மக்கள் காலங்காலமாக நம்பி வருகிறார்கள். வருத்தத்தோடு திருத்த வேண்டியிருக்கிறது. பின் சீட்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் தப்பான பாடத்தை.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் அரை மணி நேரம் ஓட்டுவார். மற்றவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். முதலில் புள்ளியியல் பேராசிரியர். அடுத்தது இரவு டியூட்டி முடித்து நேரே வருகிற நர்ஸ்.

பன்னிரண்டு நாளாக நர்ஸ் பின்னாலிருந்து எண்ணி வந்தார். பேராசிரியர் ஓட்டும்போது வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆனதில்லை. தான் ஓட்டினால், மூன்றாம் நாளிலிருந்து தினமும் நாலு தடவை.

"பிரமாதம் சார்! வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுது" என்பார், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தரும் மாஸ்டர்.

நர்ஸிடம் வேறு குரல். "கிளட்ச்சை மெதுவா விடுங்க சிஸ்டர்! சூடு பட்ட மாதிரி வெடுக்குன்னு காலை எடுக்கறீங்களே!"

வெள்ளிக்கிழமை டெஸ்ட். லைசென்ஸ் வந்தால், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றல். மூன்று வருடமாகக் கேட்ட இடம். வராவிட்டால் அது வேறொருவருக்கு.

"நான் டெஸ்டுக்குப் போகல" என்றார் கணவரிடம், செவ்வாய்க்கிழமை.

"ஏன், மாஸ்டர் ஏதாவது சொன்னாரா?"

"அவர் வேற சொல்லணுமா? அந்த சார் மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு அதையே தேடற மனுஷர். அவருக்கே வருது, எனக்கு வரல!"

மறுநாள் மாஸ்டரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு. மாஸ்டரோ நொண்டிக்கொண்டு வந்தார். இடது காலில் பெரிய கட்டு.

"படியில சறுக்கிட்டேன். பிரேக்குக்கு வலது கால் இருக்கு, போதும். ஏறுங்க சார்."

பேராசிரியர் கிளப்பினார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளப்பினார். மறுபடி குதித்தது. தெருமுனை வருவதற்குள் ஒன்பது தடவை. பின்னால் வந்த லாரிக்காரர் தன் அபிப்பிராயத்தை ஹாரனில் தெரிவித்தார்.

"வண்டியில என்னமோ ரிப்பேர்" என்றார் பேராசிரியர், வியர்வையைத் துடைத்தபடி.

"இருக்கும் சார்" என்றார் மாஸ்டர் பணிவாக.

தலைவலி என்று பேராசிரியர் பாதியிலேயே இறங்கிக்கொண்டார். நர்ஸ் ஓட்டினார். வண்டி நாலு தடவை ஆஃப் ஆனது.

"மாஸ்டர், எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. ரிப்பேர் வண்டி எனக்கு மட்டும் எப்படி எப்பவும் போல ஓடுது?"

மாஸ்டர் குனிந்து, கட்டுப் போட்ட காலைக் காட்டினார். அதன் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஏதாவது ஆபத்து வந்தால் மிதிப்பதற்கு என்றுதான் நர்ஸ் நினைத்திருந்தார்.

"பன்னிரண்டு நாளா சார் ஓட்டறப்ப கிளட்ச் மிதிச்சது இந்தக் கால்தான். வண்டி ஒரு தடவை நின்னாலே அவர் பயந்துடுவார். அதோட வராம நின்னுடுவார். உங்களுக்கு மூணாம் நாளே காலை எடுத்துட்டேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்ல? நீங்க ஓட்டறப்ப அவர் பின்னாடி உட்கார்ந்திருக்காரே!"

நர்ஸுக்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. "அப்படின்னா நான் அவரை விட..."

"ஆரம்பிச்சிட்டீங்களா! அவரை எங்கே பார்த்தீங்க நீங்க? இத்தனை நாளும் உங்களை ஒப்பிட்டுப் பார்த்தது என் காலோட. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அதுக்கு!"

நர்ஸ் சாவியைத் திருப்பி வண்டியை மறுபடி கிளப்பினார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், மாஸ்டர்?"

வியாழக்கிழமை பேராசிரியர் தயங்கித் தயங்கி வந்தார். "நேத்து உங்களுக்கும் வண்டி நின்னுச்சா சிஸ்டர்?"

"நிக்காம? நாலு தடவை சார்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பின்னால் ஏறிக்கொண்டார்.

மாஸ்டரின் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. தெரு நெடுக வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. அரை மணி கழித்து நர்ஸின் முறை வந்தபோது, எண்ணுவதை விட்டுத் தூங்கிப்போயிருந்தவரைத் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.