கீரை கட்டிய டப்பா

லாரி ஓட்டும் கணவனுக்காக மருமகள் கட்டி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை மாமியார் திறந்து பார்த்தாள். கீரை, வேகவைத்த மீன், ஒரு பிடி பாதாம்.

“பொரிச்ச கறி இல்லாம அவனுக்குத் தொண்டையில இறங்காதே. என்ன புதுசா?”

“தொப்பை போட்டுடுச்சுன்னு அவரேதான் கேட்டார், அத்தை.”

“சிகரெட்டையும் விட்டுட்டானாமே?”

மருமகள் டப்பாவை மூடினாள். மாமியார் விடவில்லை.

“கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. பார்க்கிறவங்க எல்லாம் கேக்கிறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“குறை என்கிட்டதான்னு சொல்லிடுங்க.”

கணவனுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டுமே தெரியும். சாப்பாட்டை மாற்றினால் பலன் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாமியார் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

“பொய் சொல்றே.”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இல்லை அத்தை...”

“எனக்கா தெரியாது? இவன் பிறக்கிறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் நானும் இதே பொய்யைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உன் மாமனாருக்காக.”

மருமகள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ எனக்குன்னு பேச ஒரு ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கேன். இனி கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் மாமியார் அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

“அவனுக்கு மட்டும் தனியா சமைச்சா மத்தவங்க மோப்பம் பிடிச்சிடுவாங்க. இன்னையிலிருந்து வீட்டுல எல்லாருக்கும் கீரைதான். உன் மாமனார் முகம் போற போக்கை மட்டும் பாரு!”