கோச்சிங்கில் வராதது

வீடியோ காலில், திரையில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவளும் பேசவில்லை.

பேசியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் கோச் என்றால் இந்த இடத்தில், சூப்பர் சார், அடுத்து என்ன பண்ணலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் பெயர் சகாயராஜ். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் மேனேஜர். நாற்பத்து நான்கு வயது. அவள் கோச்சான பிறகு அவளிடம் வந்த முதல் ஆள்.

இலக்குப் படிவத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதி அனுப்பியிருந்தார். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

எவ்வளவு சுலபம். அலாரத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், படுக்கப் போகும்போது போனைத் தொடாதீர்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள்.

இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டதுதான் வினை.

"மூணு மணிக்கே முழிச்சிடறேன் மேடம். ரெண்டு மாசமா. ஹால்ல சும்மா உக்காந்திருப்பேன். வீட்ல என்னன்னு கேக்கறாங்க. கோச் சொல்லித்தான் சீக்கிரம் எழுந்துக்கப் பழகறேன்னு சொன்னா நம்பிடுவாங்கல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு வருடப் பழக்கம். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக உட்கார்ந்து பழகியது. சிரிப்பு இப்படி நின்றால் குறுக்கே பேசக் கூடாது. எதிரில் இருப்பவர் தானாக அடுத்த வார்த்தையை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த வேலையைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஊரார் துக்கத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டுக்கு முன்னால் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தது போதும் என்றாகிவிட்டது. போன வருடம் மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. அன்றைக்கு ரொம்பப் பயந்துபோனாள்.

பிறகு கோச் ஆவதற்கு மூன்று மாதப் பயிற்சி. விளம்பரத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு புகைப்படம். இனிமேல் முன்னேறப் போகிறவர்கள் மட்டும் வந்தால் போதும்.

பயிற்சியில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். பழையதைக் கிளறாதே. பாரமாக ஏதாவது வந்தால் ஒரு டாக்டர் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடு.

நல்ல டாக்டர்கள் நாலு பேரை அவளுக்குத் தெரியும். ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இந்த மனுஷன் போகமாட்டார். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டுதானே கோச்சைத் தேடி வந்திருக்கிறார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி அறையில் அவள் சும்மா இருந்தாலும், கூட ஒருத்தி இருக்கிறாள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். இங்கே அசையாத ஒரு முகம் மட்டும்தான்.

சகாயராஜ் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"மேடம்? நெட் போயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு அலாரத்துக்குப் போய்விடலாம். உண்மையில் அவளுக்கு அப்படிச் செய்யத்தான் ஆசையாக இருந்தது.

"இல்ல சார். நெட் நல்லாதான் இருக்கு. நீங்க சொன்னதைத்தான் கேட்டுட்டிருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் கோச்சிங்ல வருமா மேடம்?"

"வராது சார்."

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். அவர் கை மவுஸைத் தேடியது.

"கட் பண்ணிடாதீங்க," என்றாள். "ஒரு நிமிஷம் இருங்க. ரூம் கதவைச் சாத்திட்டு வந்துடறேன்."

சாத்திவிட்டுத் திரும்பி வந்தபோது திரையில் வெறும் நாற்காலிதான் இருந்தது.

போய்விட்டார் என்றே நினைத்தாள்.

பிறகுதான் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள்.

சகாயராஜ் தன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.