முள் மறைந்த புழு

அலபாமாவில் உள்ள ஓர் ஏரியின் மேல் காலைப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. படகுக்குக் கீழே, நீரில் மூழ்கிய பழைய காடு அப்படியே நிற்கிறது. சென்ற நவம்பரில் வெர்லினின் தம்பி இங்கேதான் படகு கவிழ்ந்து மூழ்கிப் போனான். அந்த மரங்களுக்கிடையே எவ்வளவு தேடியும் உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வெர்லின் இன்றுதான் வந்திருக்கிறான். ஊதா நிற ரப்பர் புழுவுக்குள் தூண்டில் முள்ளின் நுனியைப் புதைக்கிறான், தடவிப் பார்க்கிறான், இன்னும் கொஞ்சம் புதைக்கிறான். எதிரே மைத்துனன் ஓடெல், புழுவின் நடுவில் குத்திய முள்ளைப் பளபளவென்று வெளியே நீட்டி வைத்திருக்கிறான். “என்ன மச்சான், மீனுக்கு வலிக்கும்னு பாக்குறியா? முள்ளை வெளிய விடுய்யா, அப்பதான் சட்டுனு மாட்டும்.” “அடியில எதுலயாவது மாட்டிக்கும், ஓடெல்.” “மரம்தானே? மாட்டினா நூலை அறுத்து விட்டுட்டுப் போவோம்.” “மரம்னா பரவாயில்ல.” ஓடெலின் சிரிப்பு நின்றுவிடுகிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்க்கிறான். உதடுகள் மட்டும் அசைகின்றன. பிறகு வேறொரு புழுவை எடுத்து, முள்ளின் நுனியை அதற்குள் மெல்லச் செலுத்தி, வெர்லினிடம் நீட்டுகிறான். “நீயே தடவிப் பாரு மச்சான். எங்கயாச்சும் குத்துதா?” வெர்லின் கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து வால்வரை தடவுகிறான். “இல்ல,” என்கிறான். “போடு.”