நாயகனின் நடை

பதினோரு நாள். நாளுக்கு நான்கு மணி நேரம். ஆக, நாற்பத்து நான்கு மணி நேரமாக அவள் நாயகனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

ஒரு வயதில் கற்ற வித்தையை மனிதர் முப்பத்தெட்டு வயதில் மறுபடி கற்கிறார் என்று ஒப்பனைக்காரி கேலி செய்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

படத்தில் நாயகன் திருநங்கையாக வருகிறார். அவள் நிஜத்திலேயே திருநங்கை. பதினான்கு வருடமாக நடிகை. அந்த வேடத்துக்கு அவளும் நடித்துக் காட்டினாள்தான். பிரமாதம், ஆனால் போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டுமே என்றார் இயக்குநர்.

பதிலுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்தது. கூடவே ஒரே ஒரு காட்சி. பள்ளித் தலைமையாசிரியை.

பதினான்கு வருடத்தில் படங்களில் அவள் சிக்னலில் கை நீட்டியிருக்கிறாள். நகைச்சுவை நடிகரைத் துரத்தியிருக்கிறாள். துரத்தி, அவரிடமே அடியும் வாங்கியிருக்கிறாள். மேசையும் நாற்காலியும் உள்ள வேடம் இதுதான் முதல். மேசைமேல் பெயர்ப்பலகைகூட உண்டாம். நாளைக் காலை படப்பிடிப்பு. கையெழுத்து மட்டும் இன்னும் ஆகவில்லை.

தயாரிப்பு மேலாளர் போன வாரம் அவளை உட்காரவைத்து விசாரித்தார். கூட்டம், கோஷம் என்று போகிறீர்களே, போலீஸ், வழக்கு என்று ஏதாவது உண்டா? தயாரிப்பாளருக்கு அந்த வாடையே ஆகாது.

இல்லை என்றாள்.

ஆறு வருடம் முன்னால் எட்டு மாதம் ஆளையே காணோமே, அது என்ன?

அதற்குச் சிரித்துவைத்தாள். அந்த எட்டு மாதத்துக்கு ஆளுக்கொரு கதை கட்டியிருந்தார்கள். யாரோ பணக்காரனோடு போய்விட்டாள் என்பது அதில் ஒன்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் எந்தக் கதையையும் மறுத்ததில்லை.

இன்று இயக்குநரும் தயாரிப்பாளரும் நடையைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒத்திகைக் கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையில் வெள்ளை டேப்பால் ஒட்டிய கோடு.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பரீட்சை அவருக்கா உனக்கா என்று ஒப்பனைக்காரி காதருகே கேட்டாள்.

நாயகன் நடந்தார்.

தோள் சரி. கழுத்து சரி. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்பாமல், அது அழைப்பா கேலியா என்று ஒரு கணம் நிதானிப்பது அவள் மூன்று நாள் மன்றாடிச் சொல்லிக்கொடுத்தது. அதுவும் சரி.

பிறகு இடது கால்.

ஒவ்வொரு அடிக்கும் அது அரை நொடி தாமதமாக வந்தது. பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பி, தரையை உரசி, அதன் பிறகுதான் ஊன்றியது.

அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

தயாரிப்பாளர் கை தட்டினார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர் தரையில் படுத்தேவிட்டார். படமே இந்தக் காலில்தான் தொடங்க வேண்டும், முகத்தை அப்புறம் காட்டிக்கொள்ளலாம் என்று படுத்தபடியே சொன்னார்.

நாயகன் வெட்கப்பட்டுக்கொண்டு செல்பேசியை அவளிடம் நீட்டினார்.

"கோச்சுக்காதீங்கக்கா. நீங்க தண்ணி குடிக்கப் போறப்பல்லாம் பின்னாடி நின்னு எடுத்தேன். வீட்டுல கண்ணாடி முன்னால பழகினேன். உங்காளுங்க நடையே அந்தக் கால்லதான்க்கா இருக்கு."

திரையில் ஒரு பெண்ணின் முதுகு போய்க்கொண்டிருந்தது. தன் கால் இழுப்பது வெளியே இவ்வளவு தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

முன்பு ஒரு படத்தில் திருநங்கை வேடம் போட்ட ஒருவர் கையை வைத்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். அதன் பிறகு மூன்று வருடம், பேருந்து நிறுத்தங்களில் அவளைக் கண்டதும் பையன்கள் அதே வெட்டு வெட்டினார்கள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். நான்கு நிறுத்தத்தில் ஒன்பது பேர்.

இனி இந்தக் கால்.

அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தங்கச்சிகள் ஏழு பேர். எல்லோரும் திருநங்கைகள். ஏழு பேரும் நேராகத்தான் நடப்பார்கள். கடைக்குட்டி பள்ளியில் ஓட்டப்பந்தயக்காரி. இன்றைக்கும் பேருந்தை ஓடித்தான் பிடிப்பாள்.

மேலாளர் நல்ல நேரம் பார்த்து வந்தார். தயாரிப்பாளர் மனம் குளிர்ந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டினார். பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். தலைமையாசிரியை என்று அச்சடித்திருந்த வரியை ஒருமுறை வாசித்தாள். கையெழுத்துப் போட இரண்டு நொடி போதும். போட்டுவிட்டு வெளியே போய்விடலாம். நாளைக்கு மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை.

நடையில் இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று இயக்குநர் கேட்டார்.

அவள் பேனாவை மூடினாள்.

"சேக்க ஒண்ணுமில்ல சார். எடுக்கத்தான் ஒண்ணு இருக்கு."

எழுந்து கண்ணாடிச் சுவர் வரைக்கும் நடந்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தாள். பாதம் தரையை உரசும் சத்தம் கூடத்தில் கேட்டது. பிறகு நாயகன் பக்கம் திரும்பினாள். பதினோரு நாளும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"தம்பி, எங்காளுங்க யாரும் இப்படி நடக்க மாட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி அடையாள அட்டை கேட்டு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தோம். இது போலீஸ் அடிச்சு உடைஞ்ச முட்டி."